மாப்பிள்ளை முன்னால், மொபெட் பின்னால்

பின்னால் எங்காவது மொபெட் ஹாரன் இரண்டு முறை அடித்தால் இப்போதும் என் கால்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நான்கு மாதம் அப்படிப் பழகிய கால்கள். பழக்கியவர் என் மாமனார்.

அப்போது கோவில்பட்டியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். நாற்பது வயது நெருங்கும்போது, சென்னையில் நடக்கும் மாரத்தானில் ஒருமுறை ஓடிவிட வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை அளவுக்கு நிதானம் வரவில்லை. விண்ணப்பம் அனுப்பிய மறுநாளே எட்டு கிலோமீட்டர் ஓடினேன்; மூன்றாம் நாள் பன்னிரண்டு. அந்த வாரக் கடைசியில் வலது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியது. ஒரு மாதம் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்கே போனேன். அடுத்த வருடம் மறுபடியும் ஷூவைத் துடைக்க எடுத்தபோது அவள் சண்டை போடவில்லை. அப்பா கூடவே வருவார், அதற்குச் சம்மதம் என்றால் ஓடலாம் என்று மட்டும் சொன்னாள்.

மாமனாருக்கு ஊர் பக்கத்துப் பசுவந்தனை. ஆடுகளும் கொஞ்சம் மானாவாரி நிலமுமாக இருந்தவர். ஆடுகளைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பழைய மொபெட்டில் துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். யாரும் விரட்டாமல் ஒரு மனிதன் எதற்காக ஓட வேண்டும் என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆனாலும் மகள் ஒப்படைத்த வேலை. மருத்துவர் எனக்குச் சொன்னதையெல்லாம் அவர் மனப்பாடம் செய்துகொண்டார்: தூரத்தை வாரா வாரம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வு, வலித்தால் நிறுத்திவிட வேண்டும். மொபெட்டின் மீட்டரைப் பார்த்தபடி பின்னாலேயே வருவார். அன்றைய கணக்கு முடிந்ததும் இரண்டு ஹாரன். கால் நன்றாகத்தான் இருக்கிறது, இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓடுகிறேன் என்று கெஞ்சுவேன்.

"நல்லா இருக்கையிலயே வீட்டுல கொண்டு சேத்துருதேன் மாப்ளே," என்பார்.

பசுவந்தனை சாலையில் எங்களைப் பார்த்தவர்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவன் என்று நினைத்து மினிபஸ் டிரைவர் பார்க்கும்போதெல்லாம் நிறுத்தினார். ஒருநாள் நான் உற்சாகத்தில் வேகம் எடுக்க, மாமனார் பின்னாலிருந்து "நில்லுங்க, நில்லுங்க" என்று கத்திக்கொண்டே வந்தார். எதிரே வந்த பால்காரர் சைக்கிளைக் குறுக்கே போட்டு என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். எதைத் திருடினான் என்று மாமனாரிடம் கேட்டார். திருடன் இல்லை, என் மருமகன் என்றார் மாமனார். பால்காரர் பிடியை விடவில்லை, இன்னும் இறுக்கினார். மகளை விட்டுவிட்டு ஓடுகிறேன் என்று நினைத்திருக்கிறார்.

சென்னை ஓட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது. முந்தின சாயங்காலம் ஒரு மழை பெய்திருந்தது. சாலையைப் புதுப்பிக்க வழிநெடுக ஜல்லி கொட்டியிருந்தார்கள். ஜல்லியில் என் கால் பிசகிவிடும் என்பது மாமனாரின் பயம். பக்கத்து வண்டிப்பாதையில் ஓடலாமா என்று பார்த்து வர அவரே முன்னால் போனார். நனைந்த கரிசல் மண் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாததா? ஆனால் அன்று அவர் யோசித்ததெல்லாம் என் காலைப் பற்றித்தான். முந்நூறு அடி போவதற்குள் சக்கரத்தில் மண் அப்பிச் சுற்றாமல் நின்றது. வண்டி சரிந்து அவர் காலின் மேலேயே விழுந்தது.

நான் போய் வண்டியைத் தூக்கியபோது கணுக்கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. நான் நான்கு மாதமாக ஓடிப் பழகியதற்கு அன்றுதான் ஒரு காரணம் கிடைத்தது. ஆள் கூட்டிவரத் திரும்பினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஓடிராதீங்க மாப்ளே, வழுக்கும். நடந்தே போங்க."

நடந்துதான் போனேன். ஒவ்வொரு ஷூவிலும் ஒரு செங்கல் கனத்துக்கு மண். சாலை வந்து, மினிபஸ் வந்து, டிரைவரும் நானும் அவரைத் தூக்கிக்கொண்டு போகும்வரை அவர் ஒரு முறைகூட முனகவில்லை. நான் சென்னை போகவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோதுதான் கோபப்பட்டார். முழுசாக இருக்கிற ஆளும் படுத்துக்கொண்டால் மகளுக்கு என்ன பதில் சொல்வது என்றார்.

போனேன். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பாதி தூரத்துக்குப் பிறகு ஓடியதைவிட நடந்ததுதான் அதிகம். முடித்தவர்களில் கடைசி வரிசை. ஆனால் உடம்பில் ஒரு கீறல் இல்லை. கழுத்தில் பதக்கத்தோடு வீட்டுக்குள் நுழைந்தபோது, மாவுக்கட்டுக் காலைத் தலையணையில் வைத்து மாமனார் படுத்திருந்தார். பசுவந்தனையிலிருந்து பத்துப் பேர் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். என் பதக்கத்தை யாரும் கவனிக்கவில்லை. எப்படி அடிபட்டது என்று ஒருவர் கேட்டார். மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரொம்ப அடக்கமாகச் சொன்னார்.

"மாரத்தான்ல."