பிள்ளைமடுவத்துக்குக் கீழே இரண்டு நாய்கள்

அம்மாக்கண்ணுவுக்கு நாய் என்றால் பயம். சின்ன வயதில் கெண்டைக்காலில் வாங்கிய கடியின் தழும்பு, கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகும் மறையவில்லை. ஆனால் பயத்தில் கண்ணை மூடிக்கொள்கிறவள் அல்ல அவள். நாய்களைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். அவற்றின் மனசு தெரிந்தால்தானே நாம் ஒதுங்க முடியும் என்பாள்.

இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைமடுவத்தில் அவளுக்கு வேலை. குழந்தைகள் தூங்கும் நேரம் வாசலில் உட்கார்ந்தால், கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயமும் தண்ணீர் விழும் பீலியும் தெரியும்.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு இறம்பொடைப் பக்கமிருந்து கணேசமூர்த்தி என்ற இளைஞன் அந்த லயத்துக்கு வந்து சேர்ந்தான். கூடவே சிப்பாய் என்று ஒரு பெரிய செவலை நாய். அடுத்த காம்பரா வீட்டில் வீரய்யா. மனைவி செத்துப்போன பிறகு அவருக்குத் துணை மணி என்ற குட்டைக் கறுப்பு நாய்தான். வந்த மறுநாளே பீலியடியில் இரண்டும் எதிர்ப்பட்டன. கணேசமூர்த்தி கயிற்றை இழுத்துப் பிடிக்க, வீரய்யா கம்போடு கத்திக்கொண்டு ஓடிவர, நாய்கள் கடித்துக் குதறிக்கொண்டன. மணியின் காது கிழிந்தது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

இன்னொரு முறையும் அப்படியே நடந்தபோது தோட்டத்துத் துரையின் உத்தரவோடு கணக்கப்பிள்ளை வந்தார்.

“புள்ளைங்க நடமாடுற எடம். இனியும் சண்ட போட்டா ரெண்டையும் சுடச் சொல்லிட்டாரு தொரை.”

அதற்குப் பிறகு ஒரு நாள், எல்லோரும் மலைக்கு வேலைக்குப் போயிருந்த நேரத்தில், சிப்பாய் கட்டை அவிழ்த்துக்கொண்டு மணியிருக்கும் பக்கம் வந்துவிட்டது. பிள்ளைமடுவத்து வாசலில் இருந்த அம்மாக்கண்ணு எழுந்து நின்றாள். ஆனால் சண்டை வரவில்லை. சிப்பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒன்றுமில்லாத தரையை மோந்தது. மணி நேராக வராமல் வளைந்து வந்து, சிப்பாயின் பின்பக்கம் மோந்து பார்த்தது. பிறகு முன்னங்கால்களைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி வாலை ஆட்டியது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் உறுமிக்கொண்டே ஓடிப் புரண்டன. பெரிய சிப்பாய் தானாகவே மல்லாந்து படுத்து, குட்டை மணிக்கு இடம் கொடுத்தது.

அன்று சாயந்தரம் அவள் வீரய்யாவையும் கணேசமூர்த்தியையும் வாசலுக்குக் கூப்பிட்டாள்.

“மாமா, இன்னைக்கு யாரும் இல்லாதப்ப ரெண்டும் ஒண்ணா வெளையாடுச்சுங்க. நாய்க்கு நாய் பகையில்ல. கயித்த இறுக்குனா நெஞ்ச நிமித்தி நேருக்கு நேரா மொறைக்குதுங்க. நம்ம சத்தம் வேற. அதான் சண்ட.”

“ஒனக்குத்தான் நாயக் கண்டாலே ஆகாதே, நீ என்னத்தக் கண்ட?” என்றார் வீரய்யா.

“ஆகாதுன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன். நாளைக்கு ஞாயித்துக்கெழம. நான் சிப்பாயப் புடிக்கிறேன். நீங்க மணியக் கூட்டியாங்க.”

“அக்கா, அது இழுத்துட்டா?” என்று கேட்டான் கணேசமூர்த்தி.

மறுநாள் காலை அவள் சிப்பாயைப் பிடித்துக்கொண்டாள். கயிறு தளர்வாகவே தொங்கியது. எதிரெதிராக விடாமல், தேயிலைக்கு நடுவிலுள்ள பாதையில் இரண்டையும் ஒரே திசையில் நடத்தினார்கள். வளைவில் சிப்பாய் சட்டென்று நின்றது. வால் விறைத்தது. முதுகு மயிர் எழும்பியது. வீரய்யாவின் கை கம்பை ஓங்கியது.

“கம்பக் கீழ போடுங்க மாமா! கத்தாதீங்க!”

அவர் போட்டார். அம்மாக்கண்ணு நாயைத் திட்டாமல் மெல்லப் பக்கவாட்டில் திரும்பி நடந்தாள். சிப்பாய் உடம்பை ஒரு தரம் உதறிவிட்டு அவள் பின்னால் வந்தது. மேட்டிலிருந்த புல்வெளியில் கயிற்றை அவிழ்த்தார்கள். உறுமல் கேட்டதும் கணேசமூர்த்தி பாய்ந்தான்.

“நில்லு தம்பி. யாரு கீழ கெடக்கான்னு பாரு. இப்ப மணி, இப்ப சிப்பாய். மொறை மாத்தி வெளையாடுதுங்க.”

வீரய்யா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணேசமூர்த்தியிடம், “ஒன் நாயி நல்ல கொணமாத்தான்டா இருக்கு” என்றார்.

கணக்கப்பிள்ளை அடுத்து வந்தபோது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து வெயில் காய்ந்தன. சுடுகிற பேச்சை அவர் அதோடு விட்டுவிட்டார். கணேசமூர்த்தி கல்யாணம் முடித்த வருஷம், பந்தியில் முதல் இலை வீரய்யாவுக்குத்தான் போட்டான். அம்மாக்கண்ணுவும் ஒரு பெட்டை நாய்க்குட்டியைக் கேட்டு வாங்கி, தன் காம்பராவிலேயே வளர்த்தாள்.