தலைவர் மொழிபெயர்த்த வகுப்பு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்க மாதர் தலைவிக்கு இரண்டு வேலைகள்தான். சங்கத்துப் பெரியவர்கள் கொழும்பிலிருந்து வந்தால் மாலை போட வேண்டும். மே தினத்துக்குப் பெண்களை லொறியில் ஏற்றும்போது எல்லோரும் ஒரே நிறச் சேலை கட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். எண்பதுகளின் நடுவில் அந்தப் பதவி எனக்கு வந்தது. நான் கேட்டு வாங்கவில்லை. எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் மாத்தளை டவுனில் அப்பா வேலை செய்த கடை எரிந்த பிறகு, எல்கடுவப் பக்கம் அம்மாவின் சொந்தக்காரர்கள் இருந்த லயத்து வரிசை வீட்டுக்கு ஏறி வந்திருந்தோம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், சிங்களம் தெரியும், இருபத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. மாலைத் தட்டோடு நிற்க இது போதும் என்று சங்கத்தின் தோட்டத் தலைவர் முடிவு செய்துவிட்டார்.

பகலில் எனக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வேன். லயத்தில் பாதிப் பேருக்கு அன்றைக்கு நாட்டில் ஓட்டுக் கிடையாது. பிரஜாவுரிமை வந்து சேராத ஆட்கள். ஆனால் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கலாம். எங்கள் பெண்கள் தூக்கிய கைகளையெல்லாம் சேர்த்திருந்தால் ஒரு அரசாங்கமே அமைத்திருக்கலாம். எதற்குத் தூக்குகிறோம் என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

ஒரு நாள் தலைவர் என்னிடம் ஒரு பட்டியல் எழுதச் சொன்னார். மாத்தளை ஆஸ்பத்திரியில் கருத்தடை ஆப்பரேசனுக்குப் பத்துப் பெண்கள் வேண்டும். பத்துப் பேரை அனுப்புவதாகத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் வாக்குக் கொடுத்திருந்தார். பதிலுக்குத் துரை சங்கத்துக்கு ஓர் அறை ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருந்தாராம். பெயர்களைத் தலைவரே சொன்னார், நான் எழுதினேன். ஒன்பதாவது பெயர் லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பராப் பெண்ணுடையது. இருபத்து மூன்று வயது, இரண்டு பெண் குழந்தைகள். இரண்டையும் காலையில் என்னிடம்தான் விட்டுப் போவாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

லொறி வருவதற்கு முந்தின வாரம், அரசாங்கச் சுகாதாரக் கந்தோரிலிருந்து பிரசவம் பார்க்கும் சிங்கள மிட்வைப் நோனா ஒருவர் வகுப்பு எடுக்க வந்தார். பிள்ளைக் காம்பராவில்தான் வகுப்பு. தலைவருக்கு இது பிடிக்கவில்லை. ஒரு பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் லவுட்ஸ்பீக்கர் கட்டி, அவள் பெயர், தகப்பன் பெயர், லயத்து இலக்கம் எல்லாவற்றையும் மூன்று மலைக்குக் கேட்கும்படி அறிவிக்கிறவர் இவர்தான். அதே பிள்ளைக்கு நடந்தது என்ன என்று சொல்லிக்கொடுக்க ஒருத்தி வருகிறாள் என்றதும் இவருக்கு மானம் போய்விட்டது. வகுப்பு ஒழுக்கமாக நடக்க வேண்டும் என்பதற்காகக் கமிட்டி ஆண்கள் ஆறு பேர் முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். பெண்கள் பின்னால் தரையில். நான் வழக்கம்போல மாலைத் தட்டோடு ஓரமாக நின்றேன்.

நோனாவுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்கிறேன் என்று தலைவரே எழுந்தார். நோனா சுவரில் பெண்ணுடம்புப் படம் ஒன்றை மாட்டினார். தலைவர் அதன் முன்னால் போய் நின்றுகொண்டார். படத்தைவிட அவர் அகலம். நோனா மாதவிலக்கு ஏன் வருகிறது, கரு எப்படித் தங்குகிறது என்று கால் மணி நேரம் நிதானமாக விளக்கினார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார் என்றார். நோனா மாத்திரை, ஊசி, இரண்டு பிள்ளைகளுக்கு இடையில் விட வேண்டிய இடைவெளி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தலைவர் கொஞ்சம் யோசித்து, வெற்றிலையைக் குறைக்கச் சொல்கிறார் என்றார். பெண்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். தோட்டத்து ஜனங்கள் எவ்வளவு கவனமாகக் கேட்கிறார்கள் என்று நோனாவுக்கு ஒரே சந்தோஷம்.

எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆப்பரேசன் பேச்சு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இதைச் செய்துகொண்டால் பிறகு பிள்ளை பிறக்காது, திருப்பிச் சரிசெய்யவும் முடியாது, நன்றாக யோசித்து விருப்பம் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள் என்று நோனா இரண்டு தரம் அழுத்திச் சொன்னார்.

"சின்ன ஆப்பரேசன்தானாம். பல்லுப் புடுங்குற மாதிரி. ஒரு வாரத்துல கொழுந்துக்குப் போயிரலாம்" என்றார் தலைவர்.

நான் தட்டைக் கீழே வைத்தேன். 

"தலைவரே, நோனா அப்படிச் சொல்லலைங்க."

பிறகு நோனா சொன்னதைச் சொன்னேன். படத்தையும் கழற்றிக் கொண்டுபோய்ப் பெண்கள் மடியில் விரித்தேன். கருப்பை என்ற சொல்லை ஆறு ஆண்களுக்கு முன்னால் என் வாயால் சொன்னது அன்றுதான். அப்போதுதான் கேள்விகள் வந்தன. ஊசி எத்தனை மாதத்துக்கு என்று ஒருத்தி கேட்டாள். பிள்ளை ஆணா பெண்ணா என்பது தாயாலா தகப்பனாலா என்று இன்னொருத்தி கேட்டாள். தகப்பனால்தான் என்று நோனா சொன்னதை நான் தமிழில் சொன்னபோது முன் வரிசையில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். ஆறு பிள்ளை பெற்ற ஒரு அக்கா, தனக்கு இதுவே போதும், லொறி எப்போது வரும் என்று கேட்டாள். ஐந்து பேர் தங்கள் பெயரை எடுக்கச் சொன்னார்கள்.

பக்கத்துக் காம்பராக்காரி பெயரை எடுக்கவும் சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. இளையவளை மடியில் போட்டுக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டியல் என் கையில் இருந்தது. ஒன்பதாவது பெயரின் மேல் நானே கோடு போட்டேன். மறுநாள் காலையில், உன் பெயரை வெட்டிவிட்டேன், நீ போகாதே என்றேன். சரி அக்கா என்றாள். ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமை எனக்குப் பல மாதம் இருந்தது.

நான்கு பேரோடு லொறி போனது. சங்கத்துக்கு அறை கிடைக்கவில்லை. தலைவர் அவசரப்படவில்லை, வருடாந்தக் கூட்டம் வரை பொறுத்திருந்தார். காலையில் பேர் கூப்பிட்டு மஸ்டர் எடுக்கும் முற்றத்தில் கூட்டம் கூடியது. என்மேல் ஒரே ஒரு குற்றச்சாட்டு. கல்யாணம் ஆகாத பொம்பளைக்கு இந்த விஷயமெல்லாம் எப்படித் தெரியும்? சிங்களம் தெரியும், அதனால் தெரியும் என்றேன். அந்தப் பதிலில் யாருக்கும் ருசி இல்லை. புதிய மாதர் தலைவியாகத் தலைவர் தன் மனைவியின் பெயரைச் சொன்னார். கூட்டம் முடியும்வரை அந்த அம்மா வாயே திறக்கவில்லை. அதைவிட வேறு தகுதி என்ன வேண்டும்?

கை தூக்கச் சொன்னார்கள். பெண்கள் அத்தனை பேரும் தூக்கினார்கள். ஊசி பற்றிக் கேட்டவள் தூக்கினாள். பெயரை எடுக்கச் சொன்ன ஐந்து பேரும் தூக்கினார்கள். பக்கத்துக் காம்பராக்காரிக்கு அப்போது ஏழு மாதம். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு மற்றக் கையை உயர்த்தினாள். மற்றவர்களை விடுங்கள், அவள் தூக்கியதை என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன், அவளைத் திட்டித் திட்டி அழுதேன்.

மறுநாள் காலை பிள்ளைகளை விட வந்தவளை வாசலிலேயே மறித்தேன்.

"ஏன்டி, நீயுமா எனக்கு எதிரா கையத் தூக்குன?"

அவள் முகத்தில் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. இளையவளை இடுப்பிலிருந்து இறக்கி என் கையில் கொடுத்தாள்.

"வீட்டுல அவரு தூக்கச் சொன்னாரு, தூக்குனேன். முந்தி தலைவரு பேரு குடுத்தாரு, சரின்னு இருந்தேன். நீங்க வெட்டுனீங்க, போகாம இருந்தேன். நான் யாரு பேச்சத்தான் அக்கா கேக்கல?"

கொழுந்துக் கூடையை முதுகில் சரிசெய்துகொண்டு, வயிற்றைத் தாங்கியபடி மலைக்கு நடந்தாள். நான் பிள்ளையோடு வாசலில் நின்றேன். மூன்றாவது பிள்ளை அவளுக்கு வேண்டுமா வேண்டாமா என்று அன்றுவரை நான் அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை.