சோடாப் பையில் போன மண்

செஞ்சி கடைவீதியில் எங்களுக்கு மளிகைக் கடை. அனந்தபுரம் ரோட்டில் உள்ள கொல்லையில் பன்னிரண்டு எலுமிச்சை மரங்கள் வைத்திருந்தோம். போன வருஷம் இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. கிராம சேவகர் சொன்னபடி மண் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். காரம் மிகுந்த களர் மண் என்று முடிவு வந்தது.

"களர்ல எலுமிச்சை எப்படிடா பொழைக்கும்? வெட்டிட்டுக் கேவுரு விதைக்கலாம்" என்றார் நைனா. முதல் நாளே ஆறு மரங்களை வெட்டிச் சாய்த்தோம்.

மறுநாள் சேவகர் வந்தார். "பக்கத்துக் கொல்லையில கடலை நல்லா இருக்குது. உங்களுக்கு மட்டும் எப்படிங்க களர் வரும்?" என்று கேட்டவர், எங்கள் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, காரம் பட்டால் நீலமாகும் சிவப்புத் தாளை அதில் நனைத்தார். தாள் நிறம் மாறவில்லை.

"மண்ணை இன்னா பையில குடுத்தீங்க?"

சலவை சோடா காலியான பையை உதறிவிட்டு அதில்தான் அள்ளிக் கொடுத்திருந்தேன். அதே மாதிரிப் பை ஒன்று என் சைக்கிளில் தொங்கியது. அதன் மூலையை நனைத்துத் தாளை ஒற்றினார். உடனே நீலமாகிவிட்டது.

வெட்டிப் போட்ட கிளைகளிலிருந்து நைனா பிஞ்சுகளைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டார்.

சேவகர் தோண்டிக் காட்டியபடி, வேரில் தண்ணீர் தேங்கியதுதான் கோளாறு. வாய்க்கால் வெட்டி வடியவிட்டதும் மிச்சம் ஆறு மரங்களும் துளிர்த்தன.

இப்போது யார் காலிப் பை கேட்டாலும் எதற்கென்று விசாரிக்கிறேன். மண் அள்ள என்றால், புதுத் துணியில் நானே பை தைத்துக் கொடுக்கிறேன்.