மூச்சைப் பிடிக்கச் சொன்னவர்

படிக்கட்டில் ஃப்ரிட்ஜ் ஏற்றும்போது மேலே நிற்பவனுக்கு வழி பார்க்கிற வேலைதான். பாரம் முழுக்கக் கீழே நிற்பவன் பாடு. வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகக் கீழே நின்றவர் கிரேன்; அந்த இடம்தான் அவருக்குப் பெருமை. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது. மேலே எப்போதும் அவர் மனைவியின் தம்பி. "மூச்சப் பிடி!" என்று கிரேன் குரல் கொடுத்தால், இருவரும் மூச்சை அடக்கி, வயிற்றை இறுக்கி ஒரே தூக்காகத் தூக்குவார்கள். மச்சான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் சொல்லிக்கொடுத்த பாடம் அது. மூச்சை விட்டால் பலம் போய்விடும் என்பது அவருக்கு வேதவாக்கு.

கிரேனுக்கு வலது தொடை அடிவயிற்றோடு சேரும் இடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு வந்தது. படுத்தால் உள்ளே போய்விடும். இருமினால் எட்டிப் பார்க்கும். எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஃப்ரிட்ஜைக் கட்டும் பட்டையையே இடுப்பில் இறுக்கிக் கட்டிச் சமாளித்தார். ஃப்ரிட்ஜைத் தாங்குகிற பட்டை குடலைத் தாங்காதா என்பது அவர் கணக்கு! கடைசியில் மனைவியின் கண்ணில் பட்டுவிட்டது.

"என்னங்க இது, சாமானுக்குக் கட்டறத இடுப்புல கட்டிருக்கீங்க?"

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

"குடலிறக்கம். ஹெர்னியான்னு சொல்லுவாங்க" என்றார் டாக்டரம்மா. இருமச் சொல்லிப் பார்த்ததில் இடது பக்கமும் சின்னதாக ஒன்று தட்டுப்பட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். "வலி இல்லாதவங்கள கொஞ்ச நாள் பார்க்கலாம்னு விடுவோம். உங்களுக்கு வலியும் இருக்கு, வேலையும் இப்படி. குடல் வெளிய வந்து சிக்கிக்கிட்டா உயிருக்கே ஆபத்து."

"என்னம்மா பண்ணுவீங்க?"

"கிழிஞ்ச சாக்க எப்படித் தைப்பீங்க?"

இது அவருக்குத் தெரிந்த விஷயம். "சும்மா இழுத்துத் தைச்சா பக்கத்துல பிரியும். ஒட்டுத்துணி வைக்கணும்."

"அதேதான். இழுத்துத் தைக்கிறதும் உண்டு. பெரும்பாலும் மெல்லிசா ஒரு வலை வைப்போம். மேலயிருந்து திறந்து வைக்கலாம். முதுகுல ஊசி போட்டாப் போதும், முழிச்சிருக்கலாம். இல்ல, மூணு சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டு உள்பக்கமா வைக்கலாம். முழு மயக்கம் வேணும். ஆனா ரெண்டு பக்கத்தையும் அதே ஓட்டை வழியா முடிச்சிடலாம், வலியும் கம்மி."

முழு மயக்கம் என்றதும் கிரேனுக்குப் பயம்தான். ஆனால் அவர் கேட்டது வேறு. "திரும்பக் கீழ நிக்கலாமா?"

மனைவி அதற்குப் பொருள் சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நிக்கலாம். ஒண்ணரை மாசம் பாரமே கூடாது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா. ஆனா தூக்கும்போது மூச்ச அடக்காதீங்க. அடக்கினா வயித்துக்குள்ள அழுத்தம் ஏறி, பலவீனமான இடத்துல தள்ளும். அது மட்டுமே காரணம்னு சொல்லல. மூச்ச விட்டுக்கிட்டே தூக்கிப் பழகுங்க."

சாக்குக்கு உள்பக்கம் ஒட்டுப் போட்டால் பாரமே அதை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்று கிரேனுக்குத் தோன்றியது. மூன்று ஓட்டைக்கே தலையாட்டினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மனசுதான் ஆறவில்லை. கம்பெனியில் மேலே ஒரு புது ஆளை நிறுத்திவிட்டு, மச்சானே கீழே இறங்கிவிட்டான் என்று தகவல் வந்தது. பார்க்க வந்தவனிடம் கிரேன் முகம் கொடுத்துப் பேசவில்லை. ருசி கண்ட பூனை, இனி இடத்தை விட்டுத் தருவானா? மூன்று மாதமும் வீட்டில் இருந்து இதையேதான் அரைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்த அன்று நான்காம் மாடிக்கு ஒரு ஃப்ரிட்ஜ். மச்சான் தானாகவே மேல்படிக்குப் போனான்.

"உங்க இடம் மாமா, வாங்க."

கிரேனுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. "மூச்ச விடு!" என்று புதுக் குரல் கொடுத்தார். மச்சான் பழக்கதோஷத்தில் மூச்சை அடக்கினான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் இளைப்பாறியபோது, அவன் கை சாவி தேடுவதுபோல இடது தொடையோரம் போய் அமுக்கியது.

அந்த அமுக்கலை கிரேன் எட்டு மாதம் செய்திருக்கிறார்.

"சட்டையத் தூக்கு மாப்ள."

"ஒண்ணுமில்ல மாமா."

"தூக்குடா."

இடுப்பில் பட்டை.

"எத்தன நாளா?"

"நீங்க படுத்த மறுமாசத்துலேர்ந்து." மச்சான் சுவரைப் பார்த்துச் சொன்னான். "நானும் லீவு போட்டா, கீழ வேற ஆளப் போட்டுருவாங்க. அப்புறம் உங்க இடம் போயிடுமேன்னு..."

கிரேனுக்கு இவனைப் பற்றியா அப்படி நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது. ஃப்ரிட்ஜைச் சுவரோரம் சாய்த்து, அடியில் கட்டையைச் செருகினார்.

மேலிருந்து வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, நின்னுட்டீங்க?"

"வேற ரெண்டு பேர் வந்து ஏத்துவாங்கம்மா. நாங்க டாக்டரப் பார்க்கப் போறோம்."

மச்சானின் இடுப்புப் பட்டையை அவரே கொக்கி நெம்பி அவிழ்த்தார். அவன் இன்னும் வயிற்றை எக்கிக்கொண்டே நின்றான்.

"மூச்ச விடுடா" என்றார் கிரேன். "இத்தன நாள் பிடிச்சது போதும்."