நாலு ஸ்பேடோடு நின்ற ஆட்டம்

சீட்டாட்டத்தில் என் கூட்டாளியான வக்கீல் ஆழ்ந்து யோசிக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார். அன்றும் வைத்தார். நான் அப்போதுதான் ‘மூணு ஸ்பேட்’ என்று சொல்லிவிட்டு அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிட்ஜ் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு கட்சி. பதின்மூன்று பிடிகளில் பத்து எடுக்கிறோம் என்று சொல்லி எடுத்தால் கேம். பன்னிரண்டு என்று துணிந்தால் ஸ்லாம். எடுத்துவிட்டால் புள்ளிகள் கொட்டும், ஒன்று குறைந்தால் கேமுக்குக் கிடைக்க வேண்டியதும் போய்விடும். எங்களுக்குள் ‘மூணு ஸ்பேட்’ என்றால், ‘என்னிடம் நல்ல சீட்டு இருக்கிறது, ஸ்லாமுக்குப் போகலாமா?’ என்று பொருள். ‘நாலு ஸ்பேட்’ என்று பதில் வந்தால், ‘வேண்டாம், கேமோடு நிறுத்து.’

வக்கீல் வெகுநேரம் யோசித்தார். கோர்ட்டில் வாய்தா வாங்குகிற மாதிரி யோசிக்கிறாரே என்று எதிர்க்கட்சிக்காரர் கிண்டல் செய்தும் நிமிரவில்லை. கடைசியில், ‘நாலு ஸ்பேட்’ என்றார்.

இங்கேதான் வம்பு. ஒன்றுமில்லாதவன் சட்டென்று நிறுத்திவிடுவான். கையில் சரக்கு இருப்பவன்தான் அவ்வளவு நேரம் தத்தளிப்பான். இது ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் கூட்டாளியின் தயக்கத்தைத் துப்பாக எடுத்துக்கொண்டு மேலே போவது அழுகுணி ஆட்டம். வாயால் சொன்னதை மட்டும்தான் கேட்க வேண்டும். ‘என்ன யோசனை?’ என்று அவனைக் கேட்கவும் கூடாது. நான் பாஸ் சொன்னேன். பன்னிரண்டு பிடிகள் வெண்ணெயாக வந்து விழுந்தன. அது மதுரை அணிக்கான தேர்வுப் போட்டி; இரண்டு அறைகளிலும் ஒரே சீட்டுகளைத்தான் கொடுப்பார்கள். பக்கத்து அறையில் எங்கள் சீட்டுகளைப் பிடித்தவர்கள் ஸ்லாம் சொல்லி எடுத்திருந்தார்கள். மதுரை அணியாகச் சென்னைக்குப் போகும் வாய்ப்பு அவர்களுக்குப் போனது. அந்த ஒரு பயணத்துக்காக வக்கீல் எத்தனையோ வருடம் காத்திருந்தவர்.

தோற்றாலும் எனக்கு நல்ல பெயர்தான். யோக்கியமான ஆட்டம் என்று எல்லோரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். உச்சி குளிர்ந்துதான் போனேன், பொய் சொல்வானேன். ஆனால் திரும்பி வரும் வழியில் வக்கீல் வாயைத் திறக்கவில்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் ஆனையூரில் அவர் வீடு வரைக்கும் காரிலேயே குறுக்கு விசாரணை நடத்துகிற மனிதர். ஏன் ஸ்லாமுக்குப் போகவில்லை என்று என்மேல் கோபம் என எண்ணிக்கொண்டேன். நான் செய்தது நியாயம், அவரே முதலில் பேசட்டும் என்ற வீம்பும் சேர்ந்துகொண்டது. பிறகு அவர் சீட்டாட்ட மன்றத்துக்கு வருவது நின்றது. கோபம் தணியட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அந்தச் சித்திரைத் திருவிழா முடிந்து, ஆடி பிறக்கும் வரைக்கும்கூட ஒரு போன் போடவில்லை.

அவர் மனைவிதான் கூப்பிட்டார். டாக்டரிடம் காட்டியதில் மறதி நோய் என்று சொல்லிவிட்டாராம்; முன்னாலேயே வந்திருக்கலாமே என்று கேட்டாராம். “உங்ககிட்டச் சொல்லலியாண்ணே? அன்னைக்கு ராத்திரி வந்து ஒரே புலம்பல். மாப்ள மூணு ஸ்பேட்னு சொன்னான், அதுக்கு நாங்க என்ன பேசி வச்சிருந்தோம்னு சுத்தமா நினைவுக்கு வரலைன்னாரு. அவன்கிட்டக் கேக்கவும் முடியாதேன்னாரு.”

அவர் தயக்கத்தில் நல்ல சீட்டைப் பார்த்தேன், பிறகு அவர் மௌனத்தில் கோபத்தைப் பார்த்தேன். வேறு எந்த நண்பன் பேச்சின் நடுவே அப்படித் திகைத்து நின்றிருந்தாலும், என்ன ஆச்சு என்று உடனே கேட்டிருப்பேன். மேசையில் கேட்கக் கூடாது, சரி. காரில் யார் தடுத்தார்கள்?

இப்போது வாரம் தவறாமல் ஆனையூருக்குப் போகிறேன். என்னைக் கண்டால் முகம் மலர்கிறது, பெயர் வருவதில்லை. தமிழும் மெல்ல மெல்ல நழுவி, பிறந்த வீட்டில் பேசிய சௌராஷ்டிரம்தான் மிஞ்சியிருக்கிறது. ஆட்டத்துக்கென்று அவரோடு எத்தனையோ சங்கேதங்கள் பேசி வைத்துக்கொண்ட நான், அவர் மொழியில் ஒரு வார்த்தைகூடக் கற்றுக்கொள்ளவில்லை. போன வாரம் பேச்சு எதுவும் ஓடாமல், “என்னண்ணே பண்ணுது?” என்று கேட்டேன். சௌராஷ்டிரத்தில் இரண்டு வார்த்தை சொன்னார். புரியாமல் அடுப்படிப் பக்கம் திரும்பினேன். காபியோடு வந்த அவர் மனைவி அங்கேயே நின்றுவிட்டார்.

“பயமா இருக்குன்றாருண்ணே.”

எதிரே போட்டிருந்த நாற்காலியிலிருந்து எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.