பதினோரு விநாடி முதுகு

எடிட்டிங் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். காலையில் ஸ்டுடியோ ஷட்டரைத் தூக்கியபோதே, நாங்கள் முந்தாநாள் கொடுத்த கல்யாண கேசட்டோடு ஒரு பெண் நின்றிருந்தார்.

"இதுல நான் எங்கங்க?" என்றார்.

மாப்பிள்ளையின் அக்கா. பெயர் செல்வி. வடக்குத்து கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர்.

போட்டுப் பார்த்தோம். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போடுகிறார். உடனே ஒரு இதயம் விரிகிறது, அதற்குள் அட்சதை விழுகிறது. இதயம் என் கைவேலை. பக்கம் புரள்வது, பெட்டி சுழல்வது என்று கம்ப்யூட்டரில் இருந்த எஃபெக்ட் அத்தனையையும் ஒரே கல்யாணத்தில் போட்டுவிடத் துடித்த காலம் அது.

"மிச்சம் ரெண்டு முடிச்சும் நான் போட்டதுங்க."

அந்த இடத்தில் யாரோ குறுக்கே வந்து ஃபிரேமை முதுகால் மறைத்திருந்தார். கேமராவை மறைத்த ஆள் என்று வெட்டியிருந்தேன். எங்கள் வீட்டுச் சர்ச் கல்யாணங்களில் மூன்று முடிச்சையும் மாப்பிள்ளையே போடுவார். நாத்தனார் முடிச்சு எனக்குத் தெரியாது.

"இஷ்டப்பட்டுக் கட்டிக்கினேன்னு ஆறு வருசமா பொறந்த வூட்டுல பேச்சு இல்லீங்க. தம்பியே வந்து, நீதான் முடிச்சு போடணும்னு கூட்டிகினு போனான். நேத்து தெருவே உக்காந்து கேசட்ட பாத்துகினு இருந்திச்சி. 'எங்கடி உன் முடிச்சு?'ன்னு மாமியா சிரிக்கிறாங்க."

ஓனர் என்னைப் பார்த்தார். "டேப்புலேருந்து கம்ப்யூட்டர்ல ஏத்தின கேப்சர் ஃபைல் இருக்காம்மா ஸ்டெல்லா?"

"டிஸ்க்ல இடமில்லன்னு டெலீட் பண்ணிட்டேன் சார்."

"டேப்பு?"

டேப் கேமராமேன் சேகர் அண்ணன் பையில். ஒரு டேப்பை நாலைந்து கல்யாணத்துக்கு அழித்து அழித்து ஓட்டுவது எங்கள் வழக்கம். அன்று அவருக்குத் திருவதிகையில் முகூர்த்தம். அவரிடம் செல்போன் கிடையாது.

ஓனரின் டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். பண்ருட்டி ரோட்டில் ஒவ்வொரு லாரியின் பின்னாலும் மாட்டி நின்றபோது, அந்த டேப் சுற்றுவது காதில் கேட்பதுபோலவே இருந்தது.

மண்டபத்துக்குள் ஓடி, "டேப்பை எடுங்கண்ணா!" என்றேன்.

"பொண்ணு மணமேடைக்கு வர்ற நேரத்துல வந்து உயிரை வாங்கறியே! இதுல இருபது நிமிஷம் ஓட்டிட்டேன்." திட்டிக்கொண்டே கழற்றிக் கொடுத்தார்.

முடிச்சு எத்தனையாவது நிமிஷத்தில் இருந்தது? திரும்பும் வழியெல்லாம் யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஸ்டுடியோவில் செல்வி நாற்காலியின் நுனியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். டேப்பைப் போட்டேன். திருவதிகை மாப்பிள்ளை சாமி கும்பிடுகிறார், மாலை மாட்டுகிறார், நாயனம் முழங்குகிறது. சட்டென்று நாயனம் அறுந்தது. செல்வியின் தம்பி தாலியோடு குனிகிறார்.

பின்னாலேயே பச்சைப் பட்டுப்புடவை கட்டிய ஒரு முதுகு வந்து திரையை நிறைத்தது. பதினோரு விநாடி. முகம் இல்லை, கை இல்லை.

"முதுகுதாம்மா தெரியுது," என்றார் ஓனர், தயங்கி.

"இந்தப் பொடவய எங்க தெருவுக்கே தெரியுங்க. இன்னொருவாட்டி போடுங்க."

இதயத்தை எடுத்துவிட்டு, முதல் முடிச்சிலிருந்து நேராக முதுகுக்கு ஒரு கட், முதுகிலிருந்து அட்சதைக்கு ஒரு கட். வேறு எதுவும் சேர்க்கவில்லை. புதிய கேசட்டை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

புதிதாகச் சேருகிறவர்கள் எந்த எஃபெக்ட் அழகு என்று இப்போது என்னிடம் கேட்கிறார்கள். குறுக்கே நிற்பது யார் என்று கல்யாண வீட்டாரிடம் முதலில் கேட்டுவிட்டு வாருங்கள் என்கிறேன்.