ஜெனீற்றாவின் மத்தியான மணி

வேதக்கோயிலில் மத்தியான மணி அடிக்கத் தொடங்கியதும் ஜெனீற்றாவின் கை நண்டு வலையில் அப்படியே நின்றுவிடும். குனிந்திருந்த முதுகு நிமிரும், முகவாய் மேலே எழும்பும், மூச்சு பெரிதாக வரும். "அவவுக்கு ஏறிட்டுது" என்று பக்கத்து வள்ளக்காரர் ஆளுக்காள் கண்ணைக் காட்டிக்கொண்டு தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். நண்டு எடுக்க வரும் வியாபாரி அவளுடைய கூடையை அதற்கு முன்னமே நிறுத்துவிட்டுப் போய்விடுவான். ஒருநாள் சுணங்கி வந்து, மணி ஓய்ந்த கையோடு, "இது சின்ன நண்டக்கா" என்று வாயைத் திறந்தான். அவள் துடுப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "அப்ப நீர் போய்ப் பெரிசாப் பிடிச்சுக்கொண்டு வாரும்." அன்றைக்கு அவன் அவள் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு போனான்.

ஊர்காவற்றுறைப் பக்கத்துச் சின்னக் கரை அது. அங்கே வள்ளம் ஓட்டும் ஒரே பெண் ஜெனீற்றா. செத்துப்போன கணவனின் நீளக்கைச் சட்டையைத் தன் சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டு, தலையில் துவாய் சுற்றிக்கொண்டு, விடிய முதல் தனியாகப் போய் வலை எடுத்து வருவாள். எஞ்சின் மக்கர் பண்ணினால் அதோடு கதைப்பாள். "என்ன ராசா, உனக்கும் பொம்பிளையெண்டால் இளக்காரமோ?" எஞ்சின் மூன்றாம் இழுவையில் வழிக்கு வரும். காலை மணி அடிக்கும்போது அவள் கடலில் இருப்பாள். மாலை மணிக்கு வீட்டில் சண்டை பிடிக்க ஆளில்லை. ஆகவே ஊருக்கு மத்தியான மணி ஒன்றுதான் ஆபத்து.

இத்தனைக்கும் அவள் வாயில்லாப் பூச்சியாக இருந்தவள். யாராவது குரலை உயர்த்தினால் தொண்டை அடைத்துவிடும், நியாயம் முழுவதும் உள்ளுக்குள் கிடந்து புழுங்கும். மனுசன் மாரடைப்பில் போனபிறகு, அவனுடைய தம்பி டிலோன் இரண்டு பேரோடு வந்து வள்ளத்தைத் தன் பக்கம் கொண்டுபோகப் பார்த்தான். அன்றும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. ஓடிப்போய் வள்ளத்தில் ஏறி, குறுக்குப் பலகையில் உட்கார்ந்து, அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். தள்ளினார்கள். இறங்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் டிலோன் களைத்துப்போய் நின்றபோதுதான் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. "தள்ளுங்கோவன், நானும் வாறன்."

வள்ளம் தப்பியது. ஆனால் அந்தத் துணிவு வந்த வழியே போய்விட்டது. மறுநாள் பழையபடி வாயில்லாப் பூச்சிதான்.

அப்படியிருக்கத்தான் கோயில் மண்டபத்தில் பெண்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்த ரஜீபன் என்ற பெடியன், மனதுக்கு நங்கூரம் போடுவதைச் சொல்லிக்கொடுத்தான். கண்ணை மூடி, பயப்படாமல் நின்ற ஒரு நேரத்தை நினைக்க வேண்டும். அது நெஞ்சு முட்ட நிறையும்போது பெருவிரலால் சுண்டுவிரலை அழுத்த வேண்டும். பிறகு எப்போது அழுத்தினாலும் அந்தத் துணிவு திரும்பி வருமாம். பக்கத்தில் இருந்த மாக்கிறேற் எதையோ நினைத்து அழுதாள். ஜெனீற்றா அந்தக் குறுக்குப் பலகையை நினைத்தாள். நெஞ்சு நிறைந்தது. அழுத்தினாள். அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே மத்தியான மணி அடித்தது.

"விரலை நெரிச்சு நெரிச்சு நகம் கறுத்ததுதான் மிச்சம்" என்று பிறகு ரஜீபனுக்குப் போன் எடுத்துச் சொன்னாள். "ஆனா மணி கேட்டால் எனக்கு ஒருத்தரும் பெரிசில்லை, தம்பி."

"விரலுக்குப் பதிலா மணி பதிஞ்சிட்டுதக்கா. நான் வந்து மாத்தி விடுறன்."

"நீர் வரவேண்டாம். அது நல்லாத்தான் வேலை செய்யுது."

இந்தச் சங்கதி மீனவர் சங்கத் தலைவர் பஸ்ரியாம்பிள்ளைக்கும் தெரியும். கரையில் அவளுடைய வள்ளம் கட்டும் இடத்தை டிலோனுக்குக் கொடுப்பதென்று அவர் மனதுக்குள் தீர்மானித்திருந்தார். அந்த இடம் போனால் அவளுக்குத் தொழிலே போய்விடும். ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் மத்தியானம்வரை இழுபடும் சங்கக் கூட்டத்தை, அந்த முறை மட்டும் பின்னேரம் மூன்று மணிக்கு வைத்தார். மூன்று மணிக்கு மணி இல்லை. கெட்டிக்காரன்தான்.

"நீர் ஒரு பொம்பிளை, உமக்கென்னத்துக்குக் கடல்?" என்றார் எல்லாருக்கும் முன்னால்.

"உங்களை நான் பார்க்காமல் விட்டிடுவனே, மச்சாள்?" என்றான் டிலோன், உருக்கமாக.

பின்வரிசையில் நின்ற ஜெனீற்றா வாயைத் திறந்து பார்த்தாள். சுண்டுவிரலை அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. ஆத்திரத்தில் கண் கலங்கியது. இவ்வளவு பாடுபட்டும் கடைசியில் ஊமையாகவே நிற்கிறேனே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. விறுவிறென்று வெளியே போய்விட்டாள்.

"சரி, அப்ப முடிவெடுப்பம்" என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

அப்போது கோயில் மணி அடித்தது. சாவு மணிபோல விட்டு விட்டு அல்ல, நிற்காமல் அடித்தது. மணி அடிக்கிற குருசுமுத்து கூட்டத்திலேதான் இருந்தார். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்க்க, அவர் தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். என்னவோ ஏதோவென்று அக்கம்பக்கத்து வீடுகளில் குசினிக்குள் நின்ற பெண்களெல்லாம் போட்டது போட்டபடி மண்டப வாசலுக்கு ஓடிவந்தார்கள்.

அவர்களை விலக்கிக்கொண்டு ஜெனீற்றா உள்ளே வந்தாள். கயிறு இழுத்த உள்ளங்கை சிவந்திருந்தது. முன்வரிசையில் ஒரு கதிரையை இழுத்து, தலைவரின் மேசைக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"என்ரை இடத்தை எடுக்கிறதெண்டால், முதல்லை என்னை இந்தக் கதிரையோடை தூக்கி வெளியிலை வையுங்கோ."

டிலோன் எழும்பி, வாசலில் நின்ற பெண்களைப் பார்த்துவிட்டு, திரும்ப உட்கார்ந்தான். ஜெனீற்றா குனிந்து, கதிரைப் பலகையின் இரண்டு பக்கத்தையும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.